பத்து நிமிஷ ஆட்டம்

ஏற்காட்டுக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் "குளிருக்காக" என்று பதில் சொல்வார்கள். மிச்சப் பேர் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள்; கணக்குப் பார்க்கப் போகிறவர்கள். நான் போனதற்கு இந்த இரண்டும் காரணமல்ல. என் காதுகளுக்கு ஒரு விடுமுறை தேவையாயிருந்தது.

டிசம்பரில் சென்னையில் ஆரம்பித்த கச்சேரிகள் ஸ்ரீராம நவமிப் பந்தல் வரையில் ஓயவில்லை. கேட்டதோடு நிற்காமல் அவற்றைப் பற்றி எழுதவும் செய்தேன். எழுதியதற்குப் பதிலாக வந்த கடிதங்களையும் படித்தேன். "தங்களுக்குக் காது உண்டா?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். உண்டு என்பதற்கு அத்தாட்சியாக அது வலிக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயத்தில் சேலத்துச் சிநேகிதர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. மலைமேல் அவருக்குச் சிறியதாக ஒரு காப்பித் தோட்டம் உண்டு. "இங்கே வந்து பத்து நாள் இருங்கள். பாட்டும் கிடையாது, கூத்தும் கிடையாது" என்று எழுதியிருந்தார். அடுத்த ரயிலில் கிளம்பிவிட்டேன்.

மனுஷர் எழுதியது சுத்தப் பொய் என்பது மலை ஏறுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற சாலையில் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு அது. 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த கம்பெனி. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இவர்கள் எடுத்ததுதான். தமிழில் முதல் முழுநீள வர்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இவர்கள் எடுத்ததுதான். 1963-ல் சுந்தரம் காலமானார். ஸ்டூடியோ இன்று இல்லை. வளைவு மட்டும் நிற்கிறது. பாட்டும் கூத்தும் இல்லாத ஊரைத் தேடிப் போகிறவனைக் கூத்து வாசலிலேயே மறித்துக்கொண்டு, "எங்கே ஐயா போகிறீர்?" என்று கேட்பது போலிருந்தது.

20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் நிஜமாகவே அமைதியாகக் கழிந்தது. மூன்றாம் நாள் சிநேகிதர் ஓர் அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இன்று சாயங்காலம் ஒரு விழா. எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போகாவிட்டால் நன்றாயிராது. நீங்களும் கூட வர வேண்டும்" என்றார்.

"பாட்டும் கூத்தும் கிடையாது என்றீர்களே?"

"கூத்து என்று சொல்ல முடியாது. பத்து நிமிஷந்தான்" என்றார்.

அது என்ன விழா, யார் நடத்தியது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. மே மாதத்தில் மலைமேல் விழாக்களுக்குக் குறைவில்லை. நடத்தியவர்கள் நல்லவர்கள், எனக்கு முன்வரிசையில் நாற்காலியும், கையில் சூடான காப்பியும் கொடுத்தார்கள். காப்பி கொடுத்தவரைத் திட்டுவது என் வழக்கமல்ல.

மேடை பிரமாதமாயிருந்தது. விளக்குகள் கண்ணைப் பறித்தன. வரவேற்புரை 15 நிமிஷம் நடந்தது. பிறகு பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் வைபவம். மலைமேல் குளிருக்குப் பொன்னாடை பொருத்தமான பொருள்தான். ஆனாலும் அத்தனை பேருக்கும் போர்த்தி, அத்தனை பேரும் படம் எடுத்துக்கொண்டு முடிப்பதற்கு 25 நிமிஷம் ஆயிற்று. அப்புறம் சினிமாப் பாட்டுக்குச் சிறுமிகள் ஆடினார்கள். அதற்கும் அப்புறம், "அடுத்ததாக நமது மலைவாழ் மக்களின் பாரம்பரிய நடனம்!" என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

எட்டு ஆண்கள் மேடைக்கு வந்தார்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் மலையாளிகள் அவர்கள். பெயரைப் பார்த்து வாசகர்கள் கேரளத்துக்குப் போய்விட வேண்டாம். மலையில் வாழ்வதனால் மலையாளிகள், பேசுவது தமிழ். முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர்கள் மூவர் புறப்பட்டு வந்து, இந்தப் பக்கத்து மலைகளில் குடியேறினார்கள் என்றும், அவர்கள் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்றும் சொல்லிக்கொள்கிறவர்கள்.

எட்டுப் பேரையும் சபையைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்தார்கள். மேளம் ஒலித்தது. ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்லுவதுகூட அதிகம். ஒருவர் காலை எடுத்து வைக்கும்போது அடுத்தவர் காலைத் திரும்ப வைத்தார். மூன்றாமவர் பக்கத்திலிருந்தவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேளம் ஒரு பக்கம் போயிற்று; கால்கள் ஒரு பக்கம் போயின. ஆறு நிமிஷம் ஆனதும் யாரோ ஒருவர் பக்கவாட்டிலிருந்து கையைக் காட்டினார். அவசர அவசரமாக முடித்துக் கும்பிட்டார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். பாதிப் பேர் கையில் செல்போன் இருந்தபடியால் மற்றப் பாதிப் பேர்தான் தட்டினார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "இவர்களுக்குத் தாளம் போதாது" என்று நினைத்தேன். பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் அப்படியே எழுதியும் வைத்தேன்.

விழா முடிந்து வெளியே வந்தபோது, ஆடிய எட்டுப் பேரோடு இன்னும் ஒரு பன்னிரண்டு பேர் சேர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான பெரியவர் ஒருவர் என் சிநேகிதருக்குத் தெரிந்தவர்; தோட்டத்தில் மிளகு பறிக்க வருகிறவர். சிநேகிதர் என்னை அறிமுகம் செய்து வைத்து, "இவர் பட்டணத்தில் ஆட்டம் பாட்டமெல்லாம் பார்த்து எழுதுகிறவர்" என்றார்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னிக்குப் பார்த்ததை எழுதிப்போடாதீங்க சாமி" என்றார்.

"ஏன்?"

"இருபது பேரு வந்தமுங்க. மேடை கொள்ளாது, எட்டுப் பேரு போதும்னுட்டாங்க. மத்தவங்க கீழ நின்னு பார்த்தம். எங்க ஆட்டத்தை நாங்களே வேடிக்கை பார்த்தது இன்னிக்குத்தானுங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார். அதனால்தான் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மேலும் விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. அவர்கள் ஆடுவது வட்டத்தில். வட்டத்தில் நின்றால் எதிரே இருப்பவனுடைய கால் தெரியும். முன்னால் போகிறவனுடைய முதுகு தெரியும். தாளம் காதுக்குள் போவதோடு கண்ணுக்குள்ளும் போகிறது. வரிசையாக நிறுத்தினால் ஒருவன் காலை ஒருவன் பார்க்க முடியாது. எதிரே பார்த்தால் பொன்னாடை போர்த்திய பிரமுகர்கள்தான் தெரிவார்கள். பிரமுகர்களைப் பார்த்துக்கொண்டு தாளம் போட யாரால் முடியும்? சங்கீத வித்வான்களாலேயே முடிவதில்லை. போதாக்குறைக்கு, "மெதுவாக வருகிற ஆரம்பம் வேண்டாம், வேகமாக வருவதிலிருந்து தொடங்குங்கள்" என்றும் அவர்களுக்கு உத்தரவாகியிருந்தது.

"மெள்ள ஆரம்பிக்கலீன்னா காலு சொன்ன பேச்சுக் கேக்காதுங்க" என்றார் பெரியவர்.

துண்டுக் காகிதத்தைப் பைக்குள்ளேயே கசக்கினேன்.

அன்று இரவு சிநேகிதர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். "கலையைக் கோயிலிலிருந்து கிளப்பி மேடையில் ஏற்றினால் இந்தக் கதிதான்! விடிய விடிய ஆடுகிறவர்களைப் பத்து நிமிஷத்தில் அடக்கினால் என்ன மிஞ்சும்?" என்று பொரிந்து தள்ளினேன்.

சிநேகிதர் காப்பிக்காரர். எதையும் வறுத்து அரைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"நீங்கள் டிசம்பரில் கேட்கிற கச்சேரி மட்டும் மேடையில் பிறந்ததா? அதுவும் கோயிலிலும் அரண்மனையிலும் இருந்ததுதானே? அதை யாரும் சுருக்கவில்லையா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. ஏனெனில் அவர் கேட்டது முழுக்க நியாயம்.

சென்னையில் 1928-ல் மியூசிக் அகாடமி ஏற்பட்டது. அப்படிப்பட்ட சபைகளில் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வருகிற ஜனங்களுக்கு முன்னால், பழைய முறையில் மணிக்கணக்காக ஒரே பல்லவியை நிரவிக்கொண்டிருக்க முடியாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்ன செய்தார்? முதலில் விறுவிறுப்பாக ஒரு வர்ணம், பின்னர் சுருக்கமாகச் சில கீர்த்தனங்கள், நடுவில் ஒன்றை எடுத்துக்கொண்டு ராகம், நிரவல், ஸ்வரம் என்று விஸ்தாரம், தனி ஆவர்த்தனம், அளவான ராகம் தானம் பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி போன்ற துக்கடாக்கள், மங்களம். எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குள் அடக்கி ஒரு பாணி வகுத்தார். இன்றைக்கு 20 வயதுப் பையன் முதல் கச்சேரிக்கு மேடை ஏறினாலும் அந்தப் பந்தியில்தான் பரிமாறுகிறான். அந்தச் சாப்பாட்டைத்தான் நான் ஒவ்வொரு டிசம்பரிலும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறேன்.

நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கூத்து விடியும் வரையில் நடப்பது. சேலம் ஜில்லாவில் இன்றைக்கும் பல கிராமங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாஸ சபையை ஆரம்பித்து, மறுநாள் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டியவர்கள் பார்க்கும்படியாக, சில மணி நேர நாடகங்களை எழுதினார். அவரே நடித்தார். தமிழ் நாடகம் அதனால் அழிந்து போகவில்லை.

கிராமபோன் வந்தபோது இன்னும் மோசம். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷத்துக்கு மேல் ஓடாது. அந்த மூன்றரை நிமிஷத்துக்குள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடி வைத்துப் போனார்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு "சுருக்கமாயிருக்கிறதே" என்று குறைப்பட்டுக்கொண்ட பாவியை நான் இதுவரையில் சந்தித்ததில்லை.

"அவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? இந்த மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறதே!" என்றார் சிநேகிதர்.

அவர் சொன்னது 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யை. மலையடிவாரத்திலுள்ள அதே மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த படம், எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கியது, குண்டலகேசிக் கதையை வைத்து மு. கருணாநிதி வசனம் எழுதியது. அதன் முடிவில் கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துக்கொண்டு போகிறான். அந்தக் கட்டத்தை இந்த மலைச் சரிவில்தான் எடுத்தார்கள் என்று ஏற்காட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு. மருதகாசி எழுதி ஜி. ராமநாதன் இசையமைத்தது. அந்தப் படத்தை நான் சிறு பையனாக ஒரு டூரிங் கொட்டகையில், மணல் தரையில் உட்கார்ந்து, இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ ஓட்டியபோது பார்த்தேன்.

பாட்டின் மெட்டு தேனாயிருக்கிறது. அழைக்கிறவன் குரலில் அவ்வளவு பிரியம். அவன் அவளைக் கொல்லுவதற்காக அழைத்துப் போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளும் குதூகலமாகப் பதில் பாடிக்கொண்டு ஏறுகிறாள். மெட்டு எவ்வளவுக்கு இனிக்கிறதோ அவ்வளவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொட்டகையில் என் பக்கத்திலிருந்த ஒரு பாட்டி, "போகாதேடி, போகாதேடி!" என்று வாய்விட்டுக் கத்தினாள். உச்சிக்குப் போன பிறகு அவன் எண்ணம் அவளுக்குத் தெரிகிறது. சாவதற்கு முன் புருஷனை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள். வலம் வருகிறவள் அவனையே பிடித்துத் தள்ளிவிடுகிறாள். பாட்டி எழுந்து நின்று கை தட்டினாள். நானுந்தான்.

ஒரு சில நிமிஷப் பாட்டு. ஜனரஞ்சகம் என்று நம்மவர்கள் மூக்கைச் சுளிக்கிற சரக்கு. ஆனால் இனிமையையும் பயத்தையும் ஒரே மெட்டில் கட்டிப்போட்ட அந்தக் காரியத்தைப் பல பெரிய நாடகங்களில் மூன்று மணி நேரத்தில்கூட நான் கண்டதில்லை. ஆகையால், சுருக்கினால் கலை கெட்டுப்போகும் என்கிற என் பிரசங்கம் அந்தத் தாழ்வாரத்திலேயே காலமாயிற்று.

ஆனால் அன்று சாயங்காலம் மேடையில் கண்டது மட்டும் ஏன் அப்படிச் செத்துக் கிடந்தது? படுக்கையில் புரண்டுகொண்டே யோசித்தேன். விடியற்காலையில் பதில் கிடைத்தது.

அரியக்குடி கச்சேரியைச் சுருக்கினார், அவர் பாடகர். சம்பந்த முதலியார் நாடகத்தைச் சுருக்கினார். அவர் ஆசிரியர், நடிகர். தட்டில் எதைப் பாடுவது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்களுக்குப் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. ஏற்காட்டு மேடையில் கத்தரிக்கோலைப் பிடித்திருந்தவர், கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அதனால் அவர் முதலில் நறுக்கியது மெதுவான ஆரம்பத்தை. இரண்டாவதாக நறுக்கியது வட்டத்தை. மூன்றாவதாக நறுக்கியது பன்னிரண்டு ஆட்களை. எதையெல்லாம் விடக்கூடாதோ அதையெல்லாம் விட்டுவிட்டு, மிச்சத்துக்குப் 'பாரம்பரிய நடனம்' என்று பெயர் வைத்தார்.

பரத நாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டார் பாலசரஸ்வதி. 1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் அவர் தலைமை வகித்துப் பேசியபோது, அலாரிப்பைக் கோபுரமாகவும், ஜதிஸ்வரத்தையும் சப்தத்தையும் மண்டபங்களாகவும் கொண்டு, படிப்படியாக உள்ளே போவதை வர்ணித்தார். ஒவ்வொரு வாசலாக நுழைந்துதான் சந்நிதிக்குப் போக வேண்டும். கோபுர வாசல் வேண்டாம், நேரே கர்ப்பக்கிருகத்தின் கூரையைப் பிரித்து இறக்கிவிடுங்கள் என்றால், உள்ளே போய் விழலாம். தரிசனம் செய்ய முடியாது. "மெள்ள ஆரம்பிக்கலீன்னா காலு கேக்காது" என்று மிளகு பறிக்கிற பெரியவர் சொன்னதும் இதே சங்கதிதான்.

மறுநாள் காலையில் சிநேகிதரிடம் ஒரு யோசனை சொன்னேன். அறுவடையெல்லாம் முடிந்து, காப்பிக் கொட்டை காயப் போடுகிற களம் காலியாகக் கிடந்தது. அதில் அந்த இருபது பேரையும் ஆடச் சொன்னால் என்ன? சிநேகிதர் ஆள் அனுப்பினார். பெரியவர் வந்தார்.

"எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

"கோயில்னா விடிய விடிய ஆடுவமுங்க. இங்க அதெல்லாம் எதுக்கு? ஒரு நாழிகை போதும்" என்றார்.

கவனித்தீர்களா? ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். அந்த விழாக்காரர்கள் பொன்னாடைக்குக் கொடுத்த நேரத்தைவிட ஒரு நிமிஷம் குறைவு.

ராத்திரி களத்தில் ஆடினார்கள். நாற்காலி கிடையாது, நாங்கள் வட்டத்தைச் சுற்றி வெளியே நின்றோம். ஆரம்பத்தில் வெறுமே நடப்பது போலத்தான் இருந்தது. இரண்டடி முன்னால், ஓர் அடி பின்னால். "இதற்குத்தானா இவ்வளவு?" என்றுகூட எனக்குத் தோன்றிற்று. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, மேளத்தின் கதி எப்போது மாறிற்று என்று தெரியாமலே மாறிவிட்டது. நாற்பது கால்களும் ஒரே காலாகத் தரையில் விழுந்தன. பெரியவர் நடுவில் நின்று ஒரு பாட்டை எடுப்பார். வட்டம் வாங்கிச் சொல்லும். ஒரு பாட்டை முழுக்கப் பாடினார். அடுத்த இரண்டைத் தாண்டி விட்டார். கடைசிப் பாட்டைப் பாதியில் எடுத்தார். ஆனால் மெதுவான அந்த ஆரம்பத்தில் மட்டும் ஒரு விநாடியைக்கூட அவர் குறைக்கவில்லை. அரியக்குடியின் பெயரை அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"இவர்களுக்குத் தாளம் போதாது" என்று எழுதிய மகானுபாவன் வட்டத்துக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

இரண்டு நாள் கழித்துச் சேர்வராயன் கோயிலுக்கும் போய் வந்தேன். 5,300 அடிக்கு மேலே, தட்டையான மலை உச்சியில் இருக்கிற குகைக் கோயில் அது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றிலுமுள்ள கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து கூடுவார்கள். வாசலில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. இங்கே ஆடும்போது பார்ப்பவர் என்று தனியாக யாரும் இல்லை. சாமி ஒருவர்தான் பார்க்கிறார். அவர் கடிகாரம் கட்டுவதில்லை. களத்துக்கும் மேடைக்கும் அந்த ஆட்டத்தைக் கொண்டுவருகிறோம் என்றால், சாமி இருந்த இடத்தில் நாம் போய் நிற்கிறோம் என்று அர்த்தம். கொஞ்சம் பொறுமையாவது நமக்கு வேண்டாமா?

இப்படியெல்லாம் விழா நடத்தியவர்களுக்கு உபதேசம் செய்து கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு அருகில் வரும்போது, ஒரு சந்தேகம் வந்து தொலைத்தது. கத்தரிக்கோல் விழாக்காரர்கள் கையில் மட்டுந்தானா இருக்கிறது?

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து காண்டீனுக்குப் போகிற ஜாதியைச் சேர்ந்தவன் நான். மிருதங்கக்காரர் மெதுவாகக் கோபுர வாசலைத் திறக்கும்போது, நான் தோசைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். தீர்மானம் வருகிற சமயத்துக்கு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டுவேன். மறு வாரம், "தனி ஆவர்த்தனம் வழக்கம் போல் இருந்தது" என்று எழுதுவேன். இப்படி நாற்பது வருஷமாக நறுக்கியிருக்கிறேன். என்னைக் கைகாட்டி நிறுத்துவதற்கு மேடைக்குப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை.

வருகிற டிசம்பரில் தனி ஆவர்த்தனத்துக்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று வைராக்கியம் செய்துகொண்டிருக்கிறேன். சாட்சிக்கு என் காது இருக்கிறது. வலி இப்போது குறைந்திருக்கிறது. தோசையைப் பற்றித்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கச்சேரிக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.